காற்றில் நிற்காத காற்றாடி: ரேடாருக்கு திசை சொல்லிக்கொடுத்த ஆட்டோஜைரோக்கள்

போன செமஸ்டர்ல எங்க ப்ராஜெக்ட் ட்ரோன் வேப்பமரத்துல போய் மாட்டின கதை டிபார்ட்மென்ட்ல பாதி பேருக்குத் தெரியும். மீதி பாதிக்காக சுருக்கமா சொல்றேன். பறக்கவிடும் முன்னாடி அதோட காம்பஸை கேலிப்ரேட் பண்ணணும். நாங்க அதை மொட்டைமாடியில வச்சு பண்ணோம். காலுக்குக் கீழ கான்கிரீட், கான்கிரீட்டுக்குள்ள முழுக்க இரும்புக் கம்பி. காம்பஸ் அந்தக் கம்பியையும் சேர்த்து வடக்குன்னு நம்பிடுச்சு. கிரவுண்டுக்குக் கொண்டுபோய் பறக்கவிட்டதும், ஒரே இடத்துல நிக்கவேண்டிய ட்ரோன் வட்டம் போட ஆரம்பிச்சது. வட்டம் பெருசாகிட்டே போச்சு. அப்புறம் வேப்பமரம்.

சென்சார் சரியா வேலை செஞ்சது, கோடும் சரிதான். தப்பான இடத்தை சரின்னு சொல்லிக்கொடுத்தது நாங்கதான். ரெவ்யூல இதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்ட பிறகு, கேலிப்ரேஷன்னா என்னன்னு உருப்படியா படிக்க உட்கார்ந்தேன். அப்படித்தான் இரண்டாம் உலகப்போர் நேரத்து பிரிட்டிஷ் விமானப்படையோட ஒரு விசித்திரமான ஸ்குவாட்ரன் கண்ல பட்டது. அவங்க குண்டு போடல, எதிரி விமானத்தைத் துரத்தல. வேலை என்னன்னா, தலைக்கு மேல பெரிய விசிறி சுத்துற ஒரு சின்ன விமானத்துல ஏறி, மேப்பில் குறிச்ச ஒரு இடத்துக்கு மேல போய் சின்னச் சின்ன வட்டமா சுத்திக்கிட்டே இருக்கிறது. கீழே ரேடார்காரங்க ரீடிங் எடுப்பாங்க. அவ்வளவுதான்.

அந்த வேலை ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதைப் புரிஞ்சுக்க 1939 செப்டம்பர் 6-க்குப் போகணும். பிரிட்டன் போர் அறிவிச்சு மூணே நாள். காலையில கிழக்குக் கடற்கரைப் பக்கம் எதிரி விமானம் வருதுன்னு தகவல். நார்த் வீல்ட் தளத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் கிளம்பின. கொஞ்ச நேரத்துல ஹார்ன்சர்ச்சிலிருந்து ஸ்பிட்ஃபயர்களும் கிளம்பின. ஸ்பிட்ஃபயர்கள் எதிரில் வந்த ஹரிக்கேன்களை ஜெர்மன் விமானங்கள்னு நினைச்சு இரண்டைச் சுட்டு வீழ்த்திவிட்டன. மாண்டேகு ஹல்டன்-ஹாரப் என்ற இளம் பைலட் இறந்தார். அந்தப் போரில் இறந்த முதல் பிரிட்டிஷ் போர்விமான பைலட் அவர்தான், அதுவும் சொந்தப் படையின் தோட்டாவில். 'பார்க்கிங் க்ரீக் சண்டை' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். எதிரி என்று ஒருவர்கூட இல்லாத சண்டை.

இதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். அதில் பரவலாகச் சொல்லப்படும் ஒன்று, கேன்யூடன் என்ற ஊரிலிருந்த ரேடார் நிலையம் தனக்குப் பின்னால், அதாவது நிலத்தின் பக்கம் பறந்த சொந்த விமானங்களைக் கடல் பக்கமிருந்து வருவதாகக் காட்டியது என்பது. காட்டியதும் இன்னும் விமானங்களை அனுப்பினார்கள். அவையும் எதிரியாகத் தெரிந்தன. மேலும் அனுப்பினார்கள். கன்ட்ரோல் சிஸ்டம் படிக்கிறவங்களுக்கு இது பரிச்சயமான சமாச்சாரம்: பாசிட்டிவ் ஃபீட்பேக்.

இந்தக் குழப்பம் எப்படி சாத்தியம்? அந்த ரேடார் நாம இன்னைக்கு படத்துல பார்க்கிற மாதிரி சுத்துற டிஷ் கிடையாது. 'செயின் ஹோம்' என்று பெயர். 1935 பிப்ரவரி 26-ல் டேவென்ட்ரி பக்கத்தில் ராபர்ட் வாட்சன்-வாட்டின் குழு செய்துகாட்டிய ஒரு சோதனையிலிருந்து பிறந்தது. நாலே வருஷத்துல கடற்கரை முழுக்க கட்டி நிறுத்திட்டாங்க. ஒவ்வொரு நிலையத்திலும் சுமார் 110 மீட்டர் உயர இரும்புக் கோபுரங்களில் டிரான்ஸ்மிட்டர் ஆன்டென்னா, சுமார் 73 மீட்டர் உயர மரக் கோபுரங்களில் ரிசீவர் ஆன்டென்னா. ஃப்ரீக்வன்சி 20 முதல் 30 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் பத்து மீட்டருக்கு மேல். அந்த அலைநீளத்துக்கு பீமைக் குவிக்கிற டிஷ் கட்டணும்னா ஒரு மைதானம் அளவுக்குக் கட்டணும். அதனால குவிக்கவே இல்லை. ஃப்ளட்லைட் மாதிரி முன்பக்கம் மொத்தத்துக்கும் அலையை வீசிவிட்டு, திரும்பி வர்ற எதிரொலி எந்தத் திசையிலிருந்து வருதுன்னு ரிசீவர் பக்கம் மட்டும் கண்டுபிடித்தார்கள்.

தூரம் கண்டுபிடிக்கிறது சுலபம். பல்ஸ் போய்வர ஆகும் நேரம்தான் தூரம், ஸ்கிரீன்லயே தெரியும். திசைதான் கஷ்டம். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு டைபோல்களில் சிக்னல் வரும். ஆபரேட்டர் கோனியோமீட்டர் என்ற ஒரு குமிழைத் திருப்புவார். எந்த இடத்தில் அந்த விமானத்தின் பிளிப் சுருங்கி மறைகிறதோ, அந்தக் கோணம்தான் திசை. ஆனா இதே கோணம் முன்னாலும் பொருந்தும், நேர் பின்னாலும் பொருந்தும். அதைப் பிரித்தறிய தனியாக ஒரு ஸ்விட்ச் ஏற்பாடு இருந்தது. அது சொதப்பினால் என்ன ஆகும் என்பதுதான் மேலே சொன்ன கதை.

முன்-பின் குழப்பம் ஒரு பெரிய தப்பு. சின்னத் தப்புகள் நிறைய இருந்தன. பக்கத்துக் கோபுரம், புதைத்து வைத்த கேபிள், மேடு பள்ளம், எல்லாமே வர்ற அலையைக் கொஞ்சம் வளைக்கும். உயரம் அளப்பது இன்னும் மோசம். வெவ்வேறு உயரத்தில் இருக்கும் இரண்டு ஆன்டென்னாக்களில் வரும் சிக்னலை ஒப்பிட்டுத்தான் உயரம் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு தரையில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்தது. அதனால் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற நிலம் சமமா, சரிவா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒவ்வொரு நிலையமும் தன் சொந்தத் தப்புகளோடு பிறந்தது. எங்க காம்பஸுக்கு மொட்டைமாடிக் கம்பி மாதிரி.

தீர்வு என்ன? தெரிந்த ஒரு இடத்தில் ஒரு விமானத்தை நிறுத்து. ரேடார் என்ன சொல்கிறது என்று பார். வித்தியாசத்தைக் குறித்துக்கொள். அடுத்த இடத்துக்குப் போ. இப்படி திசை திசையாக, உயரம் உயரமாக ஒரு திருத்த அட்டவணை. பின்னாளில் இந்தத் திருத்தங்களை 'ஃப்ரூட் மெஷின்' என்று செல்லப்பெயர் வைத்த ஒரு மின்இயந்திரக் கணக்குப் பெட்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்படும் ஸ்விட்சுகளை வைத்து தபால்துறை இன்ஜினியர்கள் செய்த பெட்டி அது. தூரம், திசை, உயரத்தைக் கொடுத்தால் மேப்பில் எந்தக் கட்டம் என்று சொல்லும்.

எல்லாம் சரி. 'ஒரு விமானத்தை நிறுத்து' என்ற இடத்தில்தான் சிக்கல். விமானம் நிற்காது.

சரி வட்டம் போடச் சொல்லலாம். எவ்வளவு பெரிய வட்டம்? முதல் வருஷ ஃபிசிக்ஸ்தான்: வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கமும் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஆரம். விநாடிக்கு 90 மீட்டர் வேகத்தில், 30 டிகிரி சாய்ந்து திரும்பும் ஒரு சாதாரண இரட்டை இன்ஜின் விமானத்துக்குப் போட்டுப் பார்த்தேன். ஆரம் சுமார் 1,430 மீட்டர். ரேடாரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி அது சுற்றினால், வட்டத்தின் மையத்திலிருந்து இந்தப் பக்கம் இரண்டு டிகிரி, அந்தப் பக்கம் இரண்டு டிகிரி ஆடும். ஒன்றிரண்டு டிகிரி தப்பைக் கண்டுபிடிக்கப் போன அளவுகோலே நாலு டிகிரி ஆடினா என்ன பிரயோஜனம்? இப்போ விநாடிக்கு 18 மீட்டர் வேகம் போடுங்க. ஆரம் 57 மீட்டர். ஆட்டம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரேடார் கண்ணுக்கு அது ஒரு புள்ளி.

அவ்வளவு மெதுவாகப் பறந்தும் விழாத விமானம் அப்போதே ஒன்று இருந்தது. ஹெலிகாப்டர் இன்னும் படைக்கு வந்து சேரவில்லை. ஆட்டோஜைரோ இருந்தது.

ஆட்டோஜைரோவைப் பார்த்தவுடன் ஹெலிகாப்டர்னு சொல்லிடுவீங்க. இல்லை. ஹெலிகாப்டரில் இன்ஜின் ரோட்டரைச் சுற்றுகிறது. ஆட்டோஜைரோவில் இன்ஜின் மூக்கில் இருக்கும் ப்ரொப்பெல்லரை மட்டும் சுற்றும். அது விமானத்தை முன்னே இழுக்கும். மேலே உள்ள ரோட்டர் கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருக்கும். முன்னேறும்போது கீழிருந்து மேலாகக் காற்று அதன் வழியே புகும், ரோட்டர் தானாகச் சுழலும். திருவிழாவில் ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அது சுற்றுமே, அதே கதை. வித்தியாசம், இந்தக் காற்றாடி ஓடுகிறவனையும் சேர்த்துத் தூக்குகிறது. இன்ஜின் நின்றாலும், கீழே இறங்கும் காற்றே ரோட்டரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டு இன்ஜினியர் ஹுவான் டி லா சியர்வா. 1919-ல் அவர் வடிவமைத்த மூன்று இன்ஜின் விமானம் ஸ்டால் ஆகி விழுந்தது. வேகம் குறைந்தால் விழும் இறக்கை என்ற ஐடியாவே அவருக்குப் பிடிக்காமல் போனது. விமானம் மெதுவாகப் போனாலும் இறக்கை மட்டும் வேகமாக ஓடினால் என்ன? அதுதான் ரோட்டர். ஆனால் முதல் மூன்று மாடல்களும் கிளம்பும்போதே பக்கவாட்டில் சாய்ந்தன. முன்னே போகும் பக்கத்து பிளேடுக்குக் காற்று வேகம் அதிகம், லிஃப்ட் அதிகம். பின்னே வரும் பக்கத்துக்குக் குறைவு. சாயாமல் என்ன செய்யும்? வேடிக்கை என்னவென்றால் அவர் செய்த சின்ன பொம்மை மாடல் மட்டும் ஒழுங்காகப் பறந்தது. அதன் பிளேடுகளுக்குள் பிரம்பு. வளைந்து கொடுத்தது. பெரியதில் பிளேடு விறைப்பு. பிடிபட்டதும், ஒவ்வொரு பிளேடின் அடியிலும் ஒரு கீல் போட்டார், கதவுக்குப் போடுகிற மாதிரி. லிஃப்ட் அதிகமான பிளேடு மேலே எழும், எழும்போது அதன் தாக்குகோணம் குறைந்து லிஃப்ட் சமனாகும். 1923 ஜனவரியில் மாட்ரிட் பக்கத்து கெடாஃபேயில் அவருடைய சி.4 பறந்தது. இன்றைய ஹெலிகாப்டர்களில் இருப்பதும் இந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான்.

சியர்வா பிறகு இங்கிலாந்துக்கு வந்து கம்பெனி தொடங்கினார். 1930-களின் நடுவில் வந்த சி.30ஏ என்ற மாடலை அவ்ரோ நிறுவனம் லைசென்ஸ் வாங்கிக் கட்டியது, விமானப்படை அதற்கு 'ரோட்டா' என்று பெயர் வைத்தது. 140 குதிரைத்திறன் ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி இன்ஜின், மூன்று பிளேடு, 11.28 மீட்டர் ரோட்டர், திறந்த காக்பிட் இரண்டு. இறக்கையே கிடையாது. ரோட்டர் ஹப்பிலிருந்து ஒரு கம்பி காக்பிட்டுக்குள் தொங்கும். அதைப் பிடித்து மொத்த ரோட்டரையும் சாய்த்துத்தான் ஓட்டணும். சுமார் 40 கிலோமீட்டர் வேகத்திலும் மட்டமாகப் பறக்கும். எதிர்க்காற்று அதே வேகத்தில் அடித்தால் தரையிலிருந்து பார்ப்பவருக்கு நிற்பது போலவே தெரியும்.

ராணுவத்துக்கு உளவு பார்க்க என்று வாங்கியவை இவை. அந்த வேலைக்கு போர் வந்ததும் லாயக்கில்லை என்று தெரிந்துவிட்டது. ரேடார் கேலிப்ரேஷன் வேலைக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை. தனியார் கையிலிருந்த சி.30-களையும் அரசு எடுத்துக்கொண்டது. டக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய கூட்டம் 1942-ல் 1448-வது ஃப்ளைட் ஆனது, 1943 ஜூனில் ஹால்ட்டனில் 529-வது ஸ்குவாட்ரன் ஆனது, 1944-ல் ஹென்லி பக்கத்தில் 'க்ரேஸீஸ் ஃபார்ம்' என்ற இடத்துக்கு மாறியது. பெயரை நான் வைக்கலை, நிஜமாவே அதான் பெயர். தலைவர் ஆலன் மார்ஷ், போருக்கு முன் சியர்வா கம்பெனியில் ஆட்டோஜைரோ ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

இப்போ விபத்துகளுக்கு வருவோம். 'ஸ்டால் ஆகாத விமானம்' என்று விளம்பரம் செய்யப்பட்ட இயந்திரம் நிறைய வழிகளில் கவிழ்ந்தது. பெரும்பாலும் தரைக்குப் பக்கத்தில்.

கிளம்பும்போது ரோட்டரைத் தயார்படுத்தணும். அதற்காக இன்ஜினிலிருந்து ஒரு கிளட்ச் வழியாக ரோட்டரை நிமிஷத்துக்கு சுமார் 180 சுற்று வரை ஏற்றிவிட்டு, கிளட்சை விடுவித்து, ஓடவேண்டும். அவசரப்பட்டு சுற்று ஏறும் முன் ஓடினால்? பிளேடை நேராக நீட்டி வைத்திருப்பது மையவிலக்கு விசைதான், கீல் அல்ல. சுற்று குறைவென்றால் விறைப்பு இல்லை. காற்று ஒரு பிளேடை மேலே தூக்கும், இன்னொன்று தொங்கும், தொங்குவது வாலிலோ தரையிலோ அடிக்கும். தரையிறங்கியபின் ரோட்டர் மெதுவாகும் நேரத்தில் பலத்த காற்று வந்தாலும் இதே கதி. சாதாரண விமானம் இறங்கி நின்றதும் பைலட் மூச்சு விடலாம். ஆட்டோஜைரோ பைலட் ரோட்டர் நிற்கும்வரை விடக்கூடாது.

அடுத்தது, தரையிறங்கும் ஆசை. நேராகக் கீழே இறங்கலாமே என்று தோன்றும். கணக்கு போட்டுப் பார்த்தேன். எடை ஏறத்தாழ 816 கிலோ, ரோட்டர் வட்டத்தின் பரப்பு நூறு சதுரமீட்டர். அதை ஒரு பாராசூட் என்று எடுத்துக்கொண்டு, ட்ராக் கோஎஃபிஷியன்ட் 1.2 போட்டால், செங்குத்தாக இறங்கும் வேகம் விநாடிக்கு சுமார் பத்து மீட்டர். ஐந்தரை மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். உயிர் தப்பலாம், சக்கரம் தப்பாது. அதனால் கொஞ்சம் முன்வேகத்தோடு வந்து கடைசி நொடியில் மூக்கைத் தூக்கணும். சீக்கிரம் தூக்கினால் அந்த வேகம் போய் தொப்பென்று விழும். மெதுவாகப் பறக்க அதிக பவர் வேண்டும் என்பதும் இதில் சேரும்: வேகம் குறையக் குறைய இழுவை கூடும், 140 குதிரைத்திறன் ஒரு கட்டத்தில் போதாது. தரைக்குப் பக்கத்தில் அந்தக் கட்டத்துக்குப் போனவர் த்ராட்டிலை முழுசா தள்ளியும் இறங்கிக்கொண்டே இருப்பார். பக்கவாட்டில் லேசாக வழுக்கி ஒரு சக்கரம் முதலில் பட்டாலும் கவிழும், கவிழ்ந்தால் மூன்று பிளேடுகளும் தரையில் அடித்துச் சிதறும்.

கிரவுண்ட் ரெசொனன்ஸ் மெக்கானிக்கல் மக்களுக்குப் பிடிக்கும். பிளேடுக்கு மேல்-கீழ் கீல் மட்டுமல்ல, முன்-பின் அசையவும் ஒரு கீல் உண்டு. மூன்று பிளேடும் சரியாக 120 டிகிரி இடைவெளியில் இருந்தால் ரோட்டரின் எடைமையம் நடுவில் இருக்கும். தரையில் ஒரு குலுங்கல் பட்டு இடைவெளி கலைந்தால், எடைமையம் விலகிச் சுற்றும், மொத்த உடலையும் உலுக்கும். அந்த உலுக்கலின் ஃப்ரீக்வன்சி சக்கரம், ஸ்பிரிங் இவற்றின் இயல்பு ஃப்ரீக்வன்சியோடு ஒத்துப்போனால் சில நொடிகளில் விமானம் தன்னைத்தானே பிய்த்துப் போட்டுவிடும். ஓரம் சரியா படாத வாஷிங் மெஷின் ஸ்பின்ல நடந்து போறதைப் பார்த்திருப்பீங்க. அதுதான், ஆனா 11 மீட்டர் அகலத்துல. இந்த நோய் முதலில் தெரியவந்தது ஆட்டோஜைரோக்களில்தான். முழுக் கணிதத்தை அமெரிக்காவின் நாகா ஆய்வகத்தில் ராபர்ட் கோல்மேன் 1940-களில் எழுதினார்.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது வேறொன்று. போருக்கு முன்பே சில சி.30-கள் மூக்கைக் கீழே சாய்த்து வேகம் எடுத்தபோது மீளவே இல்லை. பைலட் கம்பியை இழுத்தும் நிமிரவில்லை. பீவன், லாக் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1936-ல் பிளேடின் முறுக்கலை ஆராய்ந்தார்கள். பிளேடின் குறுக்குவெட்டு மேல்பக்கம் வளைந்த வடிவம், லிஃப்ட் நன்றாகத் தரும். அந்த வடிவத்துக்கு ஒரு குணம்: காற்று பட்டால் தன் முன்விளிம்பைக் கீழே திருப்பப் பார்க்கும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இந்த முறுக்கு கூடும். பிளேடோ ஒல்லி. வேகமாகப் பாயும்போது முன்னேறும் பக்கத்து பிளேடு அதிகம் முறுகி லிஃப்டை இழக்கும். ரோட்டரில் விளைவு கால் சுற்று தள்ளித்தான் தெரியும். எனவே பிளேடு தாழ்வது பக்கத்தில் அல்ல, முன்னால். ரோட்டர் முன்பக்கம் சாயும், விமானம் இன்னும் பாயும், வேகம் இன்னும் கூடும், பிளேடு இன்னும் முறுகும். மறுபடியும் அதே பாசிட்டிவ் ஃபீட்பேக். ஸ்டாலை ஒழிக்கப் பிறந்த இயந்திரம், மெதுவாகப் போனால் பத்திரம், வேகமாகப் போனால்தான் ஆபத்து. அதற்குப் பிறகு ரோட்டர்களுக்கு முறுக்காத சமச்சீர் வடிவங்களைத் தேடிப் போனார்கள்.

இந்த வண்டியில்தான் அவர்கள் போர் முடியும்வரை, திறந்த காக்பிட்டில், ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு நிலையத்துக்கும் வட்டம் போட்டார்கள். எதிரி வந்தால் ஓடித் தப்பும் வேகம் கிடையாது.

சியர்வா இதைப் பார்க்கவில்லை. 1936 டிசம்பர் 9 அன்று லண்டன் க்ராய்டனிலிருந்து பனிமூட்டத்தில் கிளம்பிய ஒரு டிசி-2 பயணி விமானம் வீடுகள் மேல் மோதியது. அதில் அவர் இருந்தார். இறக்கை வைத்த விமானம்.

1945-ல் 529-க்கு சிகோர்ஸ்கியின் 'ஹோவர்ஃப்ளை' ஹெலிகாப்டர்கள் வந்தன. நிஜமாகவே ஒரே இடத்தில் நிற்கக்கூடியவை. அதே வருஷம் அக்டோபரில் ஸ்குவாட்ரனைக் கலைத்துவிட்டார்கள். ஆலன் மார்ஷ் பைலட்டாகவே தொடர்ந்தார். 1950 ஜூன் 13-ல், மூன்று ரோட்டர் கொண்ட 'ஏர் ஹார்ஸ்' என்ற பெரிய ஹெலிகாப்டரின் சோதனைப் பறப்பில் முன் ரோட்டரின் ஒரு பாகம் உலோகச் சோர்வால் முறிந்து, அவரும் உடனிருந்த இருவரும் இறந்தார்கள்.

529-ல் ஓடிய ரோட்டாக்களில் சில இன்னும் இருக்கின்றன. ஒன்று லண்டன் சயின்ஸ் மியூசியத்தில், இன்னொன்று டக்ஸ்ஃபோர்டிலேயே. எங்க ட்ரோனோட ஒரு ப்ரொப்பெல்லர் இன்னும் வேப்பமரத்துலதான் இருக்கு. பி பிளாக் பக்கம் போனா மேல பாருங்க, ஆரஞ்சு கலர்.